வரவில்லை என்றொரு பொத்தான்

எங்கள் ஊரில் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. பட்டுக்கடையில் போய் மாம்பழ நிறத்தில் புடவை கேட்டுப் பாருங்கள். இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “உக்காருமா, வந்துக்கினே இருக்குது” என்று சொல்லி, அரை மணி நேரத்தில் எலுமிச்சை நிறத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘அரிசி வாங்கணும்’ என்போம். விளக்கை அணைத்தால் ‘குளிர வெச்சாச்சு’ என்போம். இப்படிப்பட்ட ஊரில், கேட்ட மாத்திரத்தில் முகத்துக்கு நேராக “இல்ல” என்று சொல்லும் ஒரே ஒரு மனுஷியைத்தான் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா. பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவன் செய்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. ஆனால் நான் செய்த சாமானுக்கு ஒருவர் சிவப்புச் சீட்டு ஒட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோடு பழக்கம் ஆனது அப்படித்தான்.

லீவு நாட்களில் பொழுதுபோக்காக நான் ஒரு வெப்சைட் செய்திருந்தேன். ‘சாமி எங்கே’ என்று பெயர். காஞ்சிபுரத்தில் வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு சாமி ஏதாவது ஒரு தெருவில் வீதியுலா போய்க்கொண்டிருக்கும். நம் வாசலுக்கு எப்போது வரும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. வழி நெடுக மண்டகப்படி உண்டு. ஒரு வீட்டார், ஒரு கடைக்காரர் என்று ஆளுக்கு ஓர் இடத்தில் சாமியை நிறுத்தி, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து அனுப்புவார்கள். ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம், இன்னோர் இடத்தில் அரை மணி. கற்பூரத் தட்டோடு ஜனங்கள் கால்கடுக்க நிற்பார்கள். முன்னால் நிற்கிறவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்திச் சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்கு உதவுமே என்று எனக்கு யோசனை. சாமி போகும் வழியைப் பன்னிரண்டு இடங்களாகப் பிரித்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பொத்தான்கள் வைத்தேன். ஒன்று ‘வந்தாச்சு’. இன்னொன்று ‘இன்னும் வரவில்லை’.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டேன். ‘சூப்பர் ப்ரோ’, ‘வேற லெவல்’, கைகூப்பிய படம், நெருப்புப் படம் எல்லாம் வந்தன. எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

ஆள் பிடிக்க வேறு வழி தெரியாமல், ஸ்கேன் செய்கிற கட்டம் போட்ட காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “கண்டிப்பா ஒட்டுறேன்பா” என்றார்கள். ஒருவரும் ஒட்டவில்லை. ஜெராக்ஸ் கடையில் மட்டும்தான் காகிதம் கையோடு திரும்பி வந்தது.

“நான் பாக்காத ஒண்ண என் கடையில ஒட்ட மாட்டேன். இரு, தொறந்து பாக்குறேன்.”

மெஷினை நிறுத்திவிட்டு, ஓரம் விரிசல் விட்ட தன் போனில் திறந்தார்.

“இன்னாப்பா, சுத்திக்கினே இருக்குது?”

“பின்னாடி பெருமாள் படம் வருதுக்கா. பெரிய படம். கொஞ்சம் டைம் எடுக்கும்.”

“உன் படம் வர்றதுக்குள்ள சாமியே போயிடும்.”

பிறகு அது போன் நம்பர் கேட்டது. ஓடிபி கேட்டது. “சாமி எங்கன்னு கேக்கறதுக்கு எதுக்கு ஓடிபி? சாமி உங்கிட்ட வந்து கேட்டுச்சா, யாரு என்னைத் தேடுனாங்கன்னு?” என்றார். அதோடு விட்டாரா? போனை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி வெயிலில் போய் நின்றார். “வெயில்ல ஒரு எழுத்தும் தெரியல. சாமிய எல்லாரும் நெழல்ல நின்னா பாக்குறாங்க?”

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஜெராக்ஸ் போடுகிறவருக்கு வெப்சைட் பற்றி என்ன தெரியும் என்று பொருமினேன். அப்புறம் உட்கார்ந்து படத்தை எடுத்தேன். ஓடிபியை எடுத்தேன். எழுத்தைப் பெரிதாக, கறுப்பாக மாற்றினேன். அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டியபோது, “இப்ப பரவால்ல” என்றார். சம்பள உயர்வு வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் அப்படித்தான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். முன்பு ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். கல்யாணப் பெண்ணொருத்தி அரக்குப் புடவையைத் தோளில் போட்டு, “எப்பிடிக்கா இருக்குது?” என்று கேட்டிருக்கிறாள். மொத்தக் குடும்பமும் ‘மகாலட்சுமி’ என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் “உனக்கு நல்லா இல்லமா, பச்சை எடு” என்றிருக்கிறார். அந்தப் பெண் பச்சையே எடுத்தாள். ஆனால் விலை அதிகமான அரக்கு போச்சே என்று முதலாளி அன்று சாயங்காலமே இவரை நிறுத்திவிட்டார். சொந்தமாக ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் புத்தி மாறவில்லை. பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒருவர் பட்டா விண்ணப்பத்தைக் கொண்டுவந்து பத்து காப்பி கேட்டபோது நானே பக்கத்தில் இருந்தேன். “அப்பா பேரு ஒரு எடத்துல ஒரு மாதிரி இருக்குது, இன்னொரு எடத்துல வேற மாதிரி இருக்குது. இத போட்டா பத்து காப்பியும் தப்பாத்தான் வரும். மாத்தி எழுதிக்கினு வா” என்று திருப்பிக் கொடுத்தார். வந்தவர் கோபமாக எதிர்க் கடைக்குப் போய் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இவ்வளவு கறாரானவர் என் வெப்சைட்டுக்கு ஏன் இத்தனை மெனக்கெடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கடைய மூடிட்டு வீட்டுக்கு வா, காட்டுறேன்” என்றார்.

பெருமாள் போகிற பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர் படுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. சிரித்த முகம். என்னைப் பார்த்ததும், “வா தம்பி, சாமிய போன்ல புடிச்சி வெச்சிருக்கிற ஆளு நீதானா?” என்றார். வருஷா வருஷம் கருட சேவை அன்று பெருமாளோடு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தே போய் வருகிறவராம். படுக்கையான பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவரை நாற்காலியில் உட்கார வைக்கலாம். ஆனால் கால் மணி நேரம்தான். அதற்கு மேல் நிமிர்ந்து இருந்தால் பிரஷர் மடமடவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். ஒருமுறை அப்படி ஆகி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்திருக்கிறார். இன்னொரு தடவை ஆனால் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கி, சந்தில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து ரோட்டு முனைக்குப் போகவே ஐந்து நிமிஷம் ஆகும். திரும்பி வர ஐந்து. நடுவில் மிஞ்சுவதும் ஐந்துதான். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் சாமி முனைக்கு வந்தாக வேண்டும்.

“முனையில நின்னு பாத்தா தெரியாதாக்கா?”

“தெரியாது. பந்தலும் கூட்டமும் மறைக்கும். முன்ன இருக்கிற மண்டகப்படிய விட்டுக் கெளம்பிடுச்சான்னு தெரியணும். அதுக்குத்தான் உன் பொத்தான்.”

அக்கா காப்பி போட உள்ளே போனபோது அவர் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “ஆஸ்பத்திரியில எல்லாரும் நடந்துடுவ, நடந்துடுவன்னு சொல்லிக்கினே இருந்தாங்க தம்பி. எனக்கு ஒவ்வொரு நாளும் அதாலேயே பயமா இருக்கும். இவதான் டாக்டர வழி மறிச்சி, நடப்பாரா மாட்டாரான்னு கேட்டுட்டு வந்து, ‘நடக்க மாட்டீங்களாம். உக்கார வெக்கலாமாம்’ன்னு சொன்னா. அன்னிக்கு அழுதேன். அழுதுட்டு நல்லாத் தூங்குனேன். இவ இல்லன்னா இல்ல. இருக்குதுன்னா இருக்குது. அத வெச்சித்தான் என் பொழப்பு ஓடுது.”

அன்று முதல் என் வெப்சைட் எனக்கு விளையாட்டாக இல்லை.

பங்குனியில் ஒரு சின்ன வீதியுலாவில் பரீட்சை செய்து பார்த்தோம். அதற்குள் முப்பது நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஓர் இடத்தில் இருபது பேர் ‘வந்தாச்சு’ அழுத்தினார்கள். ஒரே ஒருவர் ‘இன்னும் வரவில்லை’ அழுத்தியிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமி வரவில்லை. அந்த ஒருவர் அக்காதான்.

“மேளச் சத்தம் கேட்டாலே வந்தாச்சும்பாங்க. சாமிக்குப் புடிக்கிற கொடை தெரிஞ்சாலும் வந்தாச்சும்பாங்க. வரலன்னு அழுத்த யாருக்கும் மனசு வராது, நல்ல நாளும் அதுவுமா. அதனால அந்த வந்தாச்ச நம்பாத. வரலன்னு எத்தன பேரு போட்டாங்க, அத மட்டும் பாரு. அது ஒண்ணுமில்லன்னு ஆனாத்தான் வந்துச்சின்னு அர்த்தம். நான் தெரிஞ்சவங்க நாலு பேருக்கு சொல்லி வெக்கிறேன், வரலன்னா தைரியமா வரலன்னு போடுங்கன்னு.”

சொன்னபடி நாலு பேரைத் தயார் செய்தார். வழியில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், இஸ்திரி போடுகிறவர், இப்படி நாலு பேர்.

வைகாசி வந்தது. கருட சேவைக்குள் இருநூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கருட சேவைக்கு முந்தின நாள் மத்தியானம், கருத்துச் சொல்வதற்காக நான் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெரியவர் எழுதினார்: “பெருமாள் புறப்பாட்டில் ‘வரவில்லை’ என்று கொட்டை எழுத்தில் வைத்திருக்கிறீர்களே, இது என்ன அபசகுனம்?” அதற்குக் கீழே ஒருவர் ‘உண்மை’ என்றார். இன்னொருவர் ‘மனசுக்குக் கஷ்டமா இருக்கு’ என்றார். இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். பிறகு மூன்றாவது ஆளும் போனார்.

ஒவ்வோர் ஆளாக நான் பிடித்துச் சேர்த்த கூட்டம். இன்னும் யாராவது போகிறார்களா என்று நிமிஷத்துக்கொரு தடவை குரூப்பைத் திறந்து பார்த்தேன். இருநூறு பேர் அழுத்தினால் ‘வந்தாச்சு’ தானே சரியாக வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். ‘சரி செய்யப்பட்டது, அடியேன்’ என்று குரூப்பில் எழுதினேன். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. அக்காவிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று இன்று வரைக்கும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. சொன்னால் “இல்ல, திரும்ப வை” என்பார் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் நானும் நாற்காலியைத் தூக்குவதாக ஏற்பாடு. அவர் வீட்டுக்காரருக்குப் புது வேட்டி கட்டி, திருமண் இட்டிருந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷர் இறங்காமல் இருக்க அக்கா அவர் காலுக்கு இறுக்கித் துணி சுற்றிக்கொண்டிருந்தார். போன் என் கையில்.

வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் மேளம் கேட்டது. எங்கள் முனைக்கு முந்தின மண்டகப்படியில் ‘வந்தாச்சு’ எண்ணிக்கை ஏறியது. பிறகு எங்கள் முனையிலேயே ஏற ஆரம்பித்தது. பத்து, பதினெட்டு, முப்பது.

“நம்ம முனைக்கே போட்டுட்டாங்கக்கா” என்றேன்.

அக்கா நிமிரவில்லை. “அது கெடக்கட்டும். வரலன்னு எத்தன பேரு?”

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். எடுத்துவிட்டேன் அக்கா, கொஞ்சம் பொறுங்கள், நான் ஓடிப்போய் என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கட்டிலில் இருந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

“ஒருத்தரும் போடலக்கா.”

“ஒருத்தரும் இல்லியா?”

“இல்லக்கா.”

“அப்ப தூக்கு” என்றார்.

தூக்கினோம். சந்தில் ஒரு பைக்கை நகர்த்த வேண்டியிருந்தது, அதில் ஒரு நிமிஷம் போனது. முனையில் ஜனங்கள் நாற்காலியைப் பார்த்து வழி விட்டார்கள். ரோடு பூராவும் தலைகள். இடது பக்கம், பந்தலுக்கு அந்தப் பக்கம், இரண்டு வெள்ளைக் குடைகளின் நுனி மட்டும் தெரிந்தது. அவை ஆடவில்லை. முந்தின மண்டகப்படியில் சாமி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்தக் குடைகளைப் பார்த்துத்தான் முப்பது பேரும் அழுத்தியிருக்கிறார்கள். அக்கா சொல்லி வைத்த நாலு பேருக்கும் அழுத்தப் பொத்தானே இல்லை.

அக்கா குடையைப் பார்த்தார். கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“இதோ கெளம்பிடும்” என்றார் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள். “வந்துக்கினே இருக்குது” என்றார் இன்னொருவர். எல்லோரும் நல்ல வார்த்தையாகவே சொன்னார்கள். குடை நகரவில்லை. நாற்காலியில் இருந்தவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உதடு வெளுக்க ஆரம்பித்தது. “எனக்கு ஒண்ணுமில்ல, வரட்டும்” என்றார். உட்கார வைத்து எட்டு நிமிஷம். பத்து நிமிஷம். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். எந்தச் சாமியையும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை, கொஞ்சம் நகரேன், கொஞ்சம் நகரேன் என்று.

“தூக்குங்க. உள்ள போலாம்” என்றார் அக்கா.

“ரெண்டே நிமிஷம்மா” என்று அவர் கெஞ்சினார். “ரெண்டு வருஷமா...”

அதற்குள் தலை பக்கவாட்டில் சாய்ந்தது.

திரும்பி எப்படி வந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கட்டிலில் கிடத்தி, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, அக்கா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர் டாக்டரை அழைத்துவர ஓடினார். நான் சுவரோரம் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. கண் பாதி திறந்தது.

அப்போது வந்தது. நாகஸ்வரம், மேளம், பாசுரம் சொல்லும் குரல்கள், எல்லாம் சந்து முனையில். ‘கோவிந்தா’ என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. வீட்டுச் சுவர் வரைக்கும் அந்தச் சத்தம் வந்து மோதியது.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. “வந்துட்டாரா? என்னைத் தூக்குங்க.”

அக்கா அவர் மார்பில் கை வைத்து அழுத்தினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இல்லங்க.”

“கோவிந்தா கேக்குதே.”

“கொடைய பாத்துட்டுக் கத்துறாங்க. இன்னும் வரல.”

அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நீ சொன்னா சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். மேளம் எங்கள் முனையைக் கடந்து தேய்ந்து தேய்ந்து போய்விட்டது. என் கையிலிருந்த போனில் எங்கள் முனைக்கு ‘வந்தாச்சு’ நூற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து, பயப்பட ஒன்றுமில்லை, நல்ல நேரத்தில் படுக்க வைத்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் தூங்கியதும் அக்கா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். எங்கள் முனையைத் திறந்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இரண்டாவது பொத்தானைத் தேடினார்.

“நேத்து எடுத்துட்டேன்கா” என்றேன். “அபசகுனம்னு சொன்னாங்க. ஆளுங்க போயிடுவாங்களோன்னு...”

போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. “மணி பத்தாவுது. நீ போப்பா, நான் அவருக்குக் கஞ்சி வெக்கணும்” என்றார்.

அன்றே அந்தப் பொத்தானைத் திரும்ப வைத்தேன். குரூப்பில் நாற்பது பேர் வெளியேறினார்கள். யார் யார் என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கடைக்குப் போனேன். யாருக்கோ ஆதார் கார்டை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போனதும், “அண்ணன் எப்பிடி இருக்காருக்கா?” என்று கேட்டேன்.

“உடம்பு பரவால்ல.”

“சாமி வந்துட்டுப் போனது அவருக்குத் தெரியுமா?”

“அன்னிக்கு சாயந்தரமே சொல்லிட்டேன். சாமி அப்பவே வந்துடுச்சி, நான்தான் வரலன்னு பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன்.”

“கோவிச்சிக்கினாரா?”

“இல்ல.”

மெஷினின் மூடியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

“சாமி போனத பத்தி அவரு ஒரு வார்த்த கேக்கல. ‘இனிமே நீ இல்லன்னு சொன்னா, நான் எப்பிடிமா நம்பறது’ன்னு கேட்டாரு.”

துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.